உத்தரவை மீறியதாகப் பணிநீக்கம்: அமெரிக்க ரயில் தொழிலாளியின் வழக்கை நடுவர் தீர்க்கும் முறை

அமெரிக்காவில் ஒரு ரயில் நிறுவனம், மேலதிகாரியின் உத்தரவுக்குப் பணியவில்லை என்ற குற்றச்சாட்டின் பேரில் ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கிவிட்டால், அந்த நீக்கம் தொழிற்சங்க ஒப்பந்தத்துக்கு விரோதமானது என்று அவர் நேராக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க முடியாது. 1926-ல் இயற்றப்பட்ட ரயில்வே தொழிலாளர் சட்டம், 1934-ல் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியாக, நடப்பிலுள்ள ஒப்பந்தத்தின் பொருளைப் பற்றி எழும் தகராறுகள் அனைத்தையும் கட்டாய நடுவர் தீர்ப்புக்கு உட்படுத்திவிட்டது. இத்தகைய தகராறுக்காகச் சங்கம் வேலைநிறுத்தம் செய்வதையும் தடுக்கலாம் என்று 1957-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. அதுவரை மாநில நீதிமன்றங்களில் பணிநீக்க வழக்குப் போடுவதற்குத் திறந்திருந்த வழியை 1972-ல் அதே நீதிமன்றம் அடைத்தது. ஒப்பந்தத்தின் பொருளைப் பற்றிய இத்தகைய தகராறுகளுக்குச் சட்ட மொழியில் 'சிறு தகராறுகள்' என்று பெயர். இருபது ஆண்டுப் பணிமூப்பை ஒரே கடிதத்தில் இழந்து நிற்பவருக்கு இது வாழ்வின் மிகப் பெரிய தகராறு என்பதையும், தன் கையெழுத்துக்கு மேல் அவருக்கு அநேகமாக வேறு வாசல் இல்லை என்பதையும் நடுவர் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

வழக்கு எந்த மன்றத்துக்கு வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிகாகோவில் இயங்கும் தேசிய ரயில்வே தகராறு தீர்வு வாரியத்தில் நிர்வாகத் தரப்பில் 17, சங்கத் தரப்பில் 17 என 34 உறுப்பினர்கள் உண்டு. அது நான்கு பிரிவுகளாக இயங்குகிறது. எஞ்சின் ஓட்டுநர், கண்டக்டர், யார்டு (ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் இடம்) ஊழியர் ஆகியோரின் வழக்குகள் முதல் பிரிவுக்கும், பணிமனைத் தொழிலாளர் வழக்குகள் இரண்டாம் பிரிவுக்கும், தண்டவாளப் பராமரிப்பு, சிக்னல், எழுத்தர் பணிகளைச் சேர்ந்தவை மூன்றாம் பிரிவுக்கும், எஞ்சியவை நான்காம் பிரிவுக்கும் செல்லும். இரு தரப்பு உறுப்பினர்களும் சமமாகப் பிரிந்து முட்டி நிற்கும்போது வெளியிலிருந்து ஒரு நடுவர் அழைக்கப்படுகிறார். 1966-ல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு, நிர்வாகமும் சங்கமும் தமக்கென்று பொதுச்சட்ட வாரியம் ஒன்றை அமைத்துக்கொள்ளவும் முடியும். அதில் நிர்வாகத்துக்கு ஒருவர், சங்கத்துக்கு ஒருவர், நடுநிலையாளர் ஒருவர் இருப்பார்கள். மற்றத் தொழில்களில் நடுவரின் கட்டணத்தை இரு தரப்பும் பகிர்ந்து கொடுப்பது வழக்கமாக இருக்க, ரயில்வேயில் அதை மத்திய அரசு நிறுவனமான தேசிய மத்தியஸ்த வாரியம் கொடுக்கிறது.

மற்றத் தொழில்களிலிருந்து வரும் நடுவர் ஒருவர் மிக அதிகமாகத் தடுமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. இந்த வாரியத்தின் முன் சாட்சிகள் வந்து நிற்பதில்லை. சாட்சி விசாரணை முழுவதும் நிறுவனத்துக்குள்ளேயே, நிறுவனத்தின் அதிகாரி ஒருவரின் தலைமையில் நடந்து முடிந்திருக்கும். குற்றச்சாட்டு அறிவிப்பு, கேள்வி பதிலாகத் தட்டச்சு செய்யப்பட்ட விசாரணைப் பதிவு, அதனுடன் இணைக்கப்பட்ட சான்றுகள், நீக்கக் கடிதம், சங்கத்தின் மேல்முறையீடு, அதற்கு நிர்வாகத்தின் மறுப்பு ஆகியவை ஒரு கோப்பாக வரும். அங்கே சொல்லப்படாத எதையும் இங்கே புதிதாகச் சொல்ல இரு தரப்புக்கும் இடமில்லை. ஆகவே நடுவரின் நிலை ஏறத்தாழ மேல்முறையீட்டு நீதிபதியின் நிலை. மூன்று கேள்விகளுக்கு அவர் விடை காண வேண்டும்: விசாரணை நேர்மையாக நடந்ததா, குற்றத்துக்குக் கணிசமான சான்று கோப்பில் இருக்கிறதா, தண்டனை குற்றத்துக்குப் பொருந்துகிறதா. தண்டனைக்குத் தக்க காரணம் இருந்ததா என்று சோதிப்பதற்காக 1966-ல் காரல் டாஹெர்ட்டி என்ற நடுவர் வகுத்த ஏழு கேள்விகளை இங்கேயும் சிலர் பயன்படுத்துகிறார்கள். பார்த்தால், அவை பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன.

கோப்பைக் கையில் எடுத்தவுடன் இரு தரப்பின் எழுத்து வாதங்களைப் படிக்கத் தொடங்குவது இயல்பு, ஆனால் தவறு. வாதங்கள் நன்றாக எழுதப்பட்டவை. அவற்றை முதலில் படித்தவருக்கு விசாரணைப் பதிவில் உள்ளது தெரிவதை விட, வாதம் சொன்னதே கண்ணுக்குத் தெரியும். முதலில் விசாரணைப் பதிவையும், அடுத்துச் சம்பவ நாளில் எழுதப்பட்ட அறிக்கைகளையும், அதன்பின் குற்றச்சாட்டு அறிவிப்பையும் நீக்கக் கடிதத்தையும், கடைசியில்தான் வாதங்களையும் படிக்க வேண்டும். கீழ்ப்படியாமை வழக்கு என்பது பெரும்பாலும் இருவர் பேசிய நான்கைந்து வாக்கியங்களைப் பற்றிய வழக்கு. அந்த வாக்கியங்கள் ஒரு காகிதத்திலிருந்து இன்னொரு காகிதத்துக்குப் போகும்போது எப்படித் தேய்கின்றன என்பதைக் கண்டுபிடிப்பதே நடுவரின் முதல் வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துப் பார்ப்போம். பனி பெய்யும் இரவில் ஒரு யார்டில், ரயிலைத் தடம் மாற்றும் ஸ்விட்சில் உறைந்து கிடக்கும் பனியை அகற்றும்படி ஃபோர்மேன் ஒரு டிராக்மேனிடம், அதாவது தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளியிடம், சொல்கிறார். விசாரணைப் பதிவில் ஃபோர்மேனின் வாக்குமூலம் இப்படி இருக்கிறது: "போய் ஸ்விட்சைச் சுத்தம் செய் என்றேன். பாதுகாப்புக்கு யார் நிற்கிறார்கள் என்று கேட்டார். நேரமாகிறது, செய்வாயா மாட்டாயா என்றேன். இப்படியென்றால் முடியாது என்றார். வீட்டுக்குப் போ என்றேன்." இதே ஃபோர்மேன் மறுநாள் காலை மேலதிகாரிக்கு எழுதிய அறிக்கையில், "பாதுகாப்பு பற்றி வாக்குவாதம் செய்தார், பிறகு முடியாது என்றார்" என்று இருக்கிறது. குற்றச்சாட்டு அறிவிப்பில் அது, "நேரடி உத்தரவுக்குப் பணிய மறுத்தார்" என்று ஆகிறது. நீக்கக் கடிதத்தில், "அடாவடியாகப் பணிய மறுத்தார்" என்று இன்னொரு சொல் கூடிவிடுகிறது. நாலாவது காகிதத்துக்கு வருவதற்குள் 'இப்படியென்றால்' என்ற ஒரு சொல் காணாமல் போய், 'அடாவடியாக' என்ற ஒரு சொல் முளைத்துவிட்டது. வழக்கு முழுவதும் அந்தக் காணாமல் போன சொல்லில்தான் இருக்கிறது. நிபந்தனையோடு சொன்ன மறுப்பும், நிபந்தனையில்லாத மறுப்பும் ஒன்றல்ல.

கீழ்ப்படியாமை என்ற குற்றம் நிற்க வேண்டுமானால் சில கூறுகள் கோப்பில் தென்பட வேண்டும். உத்தரவு தெளிவாக இருந்திருக்க வேண்டும். ஆலோசனையாகவோ அங்கலாய்ப்பாகவோ சொன்னதை உத்தரவு என்று பின்னர் பெயரிடக் கூடாது. உத்தரவிட்டவருக்கு அந்தத் தொழிலாளிமீது அதிகாரம் இருப்பதும், அதைத் தொழிலாளி அறிந்திருப்பதும் தேவை. அவர் உத்தரவைப் புரிந்துகொண்டாரா, அதைச் செய்யப் போதுமான நேரமும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தனவா என்று பார்க்க வேண்டும். மறுத்தால் வேலை போகக்கூடும் என்று எச்சரிக்கப்பட்டாரா என்பது, முக்கியமாகத் தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போது, மிகவும் கனமான கேள்வி. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மறுப்பு மனமறிந்ததாக இருக்க வேண்டும்: மறதியால் செய்யாமல் விட்டது, தவறாகச் செய்தது, முணுமுணுத்துக்கொண்டே செய்து முடித்தது ஆகியவை வேறு குற்றங்களாகலாம், கீழ்ப்படியாமை ஆகா.

இந்த இடத்தில் பணிவிதியின் வாசகத்தையும் கவனமாகப் பார்க்க வேண்டும். மேற்குப் பகுதி ரயில்வேக்கள் பலவும் பின்பற்றும் பொது இயக்க விதிகளின் தொகுப்பில், நடத்தை பற்றிய 1.6 எண் விதி, ஊழியர் பாதுகாப்பில் அக்கறையற்றவராகவோ, அலட்சியமானவராகவோ, கீழ்ப்படியாதவராகவோ, நேர்மையற்றவராகவோ, ஒழுக்கமற்றவராகவோ, சண்டைக்காரராகவோ, மரியாதையற்றவராகவோ இருக்கக் கூடாது என்று ஏழையும் தனித்தனியே எண்ணிச் சொல்கிறது. கீழ்ப்படியாமையும் மரியாதைக்குறைவும் இரண்டு தனிச் சொற்களாக அங்கே நிற்கின்றன. ஒரு ஊழியர் ஃபோர்மேனைக் கடுஞ்சொல்லால் ஏசிவிட்டு, ஏசியபடியே வேலையைச் செய்து முடித்திருந்தால், அவர்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு இரண்டில் எது என்பதை அறிவிப்பு சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத குற்றத்தைத் தீர்ப்பில் புதிதாகச் சேர்ப்பதற்கு நடுவருக்கும் உரிமையில்லை.

'முதலில் பணி, பிறகு முறையிடு' என்பது அமெரிக்கத் தொழிலுலகில் நிலைபெற்ற கொள்கை. ஃபோர்டு நிறுவனத்துக்கும் வாகனத் தொழிலாளர் சங்கத்துக்கும் இடையே நிரந்தர நடுவராக இருந்த ஹாரி ஷுல்மன், 1944-ல் எழுதிய தீர்ப்பில் இதை மிகத் தெளிவாக விளக்கினார்: உத்தரவு ஒப்பந்தத்தை மீறுகிறது என்று தொழிலாளி நினைத்தாலும், அவர் வேலையைச் செய்துவிட்டுக் குறைதீர்ப்பு முறையில் பரிகாரம் தேட வேண்டும், ஏனெனில் வாதம் முடியும்வரை உற்பத்தி காத்திருக்க முடியாது. ரயில்வேயில் இக்கொள்கைக்கு இன்னும் வலு அதிகம். ஆகவே, 'இது என் பணிப்பிரிவின் வேலை அல்ல', 'எனக்கு முன் இளையவரை அனுப்பியிருக்க வேண்டும்', 'மிகைநேரம் பார்க்கும் முறை என்னுடையதல்ல' என்ற காரணங்கள் உண்மையாகவே இருந்தாலும், அவை மறுப்பை நியாயமாக்கா. அந்தக் குறைகளைப் பணத்தால் பின்னர் ஈடுகட்ட முடியும்.

பணத்தால் ஈடுகட்ட முடியாத இடத்தில்தான் விதிவிலக்கு பிறக்கிறது. சட்டத்துக்கு விரோதமான செயலைச் செய்யச் சொல்வது அதில் ஒன்று: ரயில் ஓட்டும் ஊழியர் 12 மணி நேரப் பணிக்குப் பிறகு தொடர்ந்து வேலை செய்வதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது, அந்த எல்லையைக் கடக்கச் சொல்லும் உத்தரவுக்குப் பணியாததைக் குற்றம் என்று சொல்ல முடியாது. உயிருக்கும் உடலுக்கும் ஆபத்து என்பது இன்னொன்று. நம் எடுத்துக்காட்டு டிராக்மேனுக்கு இதில் தெளிவான எழுத்து விதியே இருக்கிறது. மத்திய ரயில்பாதை நிர்வாகத்தின் ஒழுங்குமுறைகளில் 214-ஆம் பாகம், தண்டவாளப் பணியாளரின் பாதுகாப்பைப் பற்றியது. அருகிலுள்ள தண்டவாளத்தின் வெளிப்புறத்திலிருந்து 4 அடிக்குள் ஒருவர் வந்தாலே அவர் ரயில் மோதக்கூடிய இடத்தில் இருப்பதாக அது கருதுகிறது. அங்கே கால் வைப்பதற்கு முன் என்ன பாதுகாப்பு ஏற்பாடு என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறது. ஏற்பாடு விதிப்படி இல்லை என்று நல்லெண்ணத்தோடு ஆட்சேபிக்கவும், ஆட்சேபம் தீரும்வரை தண்டவாளத்தை விட்டு விலகி நிற்கவும் அவருக்குள்ள உரிமையை நிறுவனம் உறுதி செய்தாக வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. 'பாதுகாப்புக்கு யார் நிற்கிறார்கள்' என்ற கேள்வி ஆட்சேபமாக எழுப்பப்பட்டதா, அதற்குப் பதில் கிடைத்ததா என்பதே இப்போது வழக்கின் மையம். ஃபோர்மேனின் சொந்த வாக்குமூலத்தின்படி, பதில் கிடைக்கவில்லை.

எனினும், 'ஆபத்து' என்ற சொல்லை உச்சரித்தவுடன் ஒவ்வொரு மறுப்பும் காப்பாற்றப்பட்டுவிடும் என்று எண்ணக் கூடாது. அச்சம் அந்த நேரத்திலேயே வெளிப்படையாகச் சொல்லப்பட்டதா அல்லது விசாரணையில்தான் முதன்முறையாகத் தலைகாட்டியதா, அதற்குக் கண்ணால் காணக்கூடிய அடிப்படை ஏதேனும் இருந்ததா, அபாயம் நீங்கிய பின் வேலையைச் செய்யத் தயாராக இருந்தாரா என்று பார்க்க வேண்டும். பாதுகாப்பு குறித்துப் பேசியதற்காகப் பழிவாங்கப்பட்டேன் என்ற கோரிக்கைக்கு, மத்திய ரயில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 180 நாட்களுக்குள் தொழிலாளர் துறையில் புகார் செய்யும் தனிவழியும் உண்டு. அந்தக் கோரிக்கையை நடுவர் தீர்க்க முற்படக் கூடாது. அவருடைய அதிகாரம் ஒப்பந்தத்திலிருந்தே வருகிறது. ஆனால் பாதுகாப்பு விதி என்ன சொல்கிறது என்று தெரியாமல் அந்த மறுப்பு நியாயமானதா என்று அவரால் எடைபோடவே முடியாது.

விசாரணை நேர்மையாக நடந்ததா என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தின் ஒழுக்கநடவடிக்கை விதியே அளவுகோல். குற்றச்சாட்டு அறிவிப்பை எத்தனை நாளுக்குள் தர வேண்டும், விசாரணையை எப்போது நடத்த வேண்டும், முடிவை எப்போது சொல்ல வேண்டும் என்ற கெடுக்கள் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். ஆகவே ஒரு ரயில்வேயில் பழகியதை இன்னொன்றின்மேல் ஏற்றிப் பார்க்கக் கூடாது. கெடு தவறினால் என்ன விளைவு என்று விதியே சொல்லியிருந்தால் அதை அப்படியே நடைமுறைப்படுத்த வேண்டும். சொல்லவில்லையென்றால் அந்தத் தாமதத்தால் தொழிலாளிக்கு உண்மையான பாதகம் நேர்ந்ததா என்று பார்ப்பது பொருத்தம். குற்றம் சாட்டியவரே விசாரணை அதிகாரியாகவும், சாட்சியாகவும், முடிவு எழுதியவராகவும் இருந்தாரா, சம்பவ இடத்தில் நின்ற இன்னொரு தொழிலாளியை அழைக்கச் சங்கப் பிரதிநிதி கேட்டபோது மறுக்கப்பட்டதா, குறுக்குக் கேள்விகள் பாதியில் வெட்டப்பட்டனவா என்பவை பதிவின் பக்கங்களிலேயே தெரியும். ஒவ்வொரு சறுக்கலும் நீக்கத்தை ரத்து செய்யாது. பாதுகாத்துக்கொள்ளும் வாய்ப்பையே பறித்த சறுக்கல் செய்யும்.

சங்கப் பிரதிநிதியாக விசாரணையில் அமர்பவருக்கும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நடுவர் ஒரு நாள் இந்தப் பக்கங்களை மட்டுமே படிப்பார் என்று எண்ணிக் கேள்விகளைக் கேளுங்கள். 'நீங்கள் சொன்ன வார்த்தைகளை அப்படியே திரும்பச் சொல்லுங்கள்', 'அவர் சொன்னதை முழுவதுமாகச் சொல்லுங்கள்', 'வேலை போகும் என்று எச்சரித்தீர்களா' என்ற மூன்று கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும் பதிவில் ஏறாவிட்டால், பின்னர் எவ்வளவு திறமையாக வாதம் எழுதினாலும் பயனில்லை. ஆட்சேபங்களை அந்தந்த நேரத்திலேயே எழுப்ப வேண்டும். மேல்முறையீட்டுக் கெடுக்களையும் நாள்காட்டியில் குறித்துவைக்க வேண்டும். 1954-ஆம் ஆண்டுத் தேசிய ஒப்பந்தத்தைப் பின்பற்றிய பல ஒப்பந்தங்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் 60 நாட்களும், உச்ச அதிகாரியின் மறுப்புக்குப் பின் வாரியத்துக்குச் செல்ல 9 மாதங்களும் தரப்பட்டிருக்கின்றன. 1978-ல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஷீஹன் வழக்கில், காலம் கடந்துவிட்டது என்று வாரியம் தள்ளுபடி செய்ததை நீதிமன்றம் மாற்ற மறுத்தது. வாரியத்துக்குச் செல்வதற்கு முன் இரு தரப்பும் நேரில் கூடிப் பேசியதற்கான சான்றையும் கோப்பில் சேர்த்துவிடுவது நல்லது. அது இல்லாததால் ஒரு வாரியம் ஐந்து வழக்குகளை ஒரேயடியாகத் தள்ளியது தவறு என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தாலும், அதற்குள் அந்தத் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

கணிசமான சான்று என்பதற்கு ரயில்வே வாரியங்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவுகோல் 1938-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: நியாயமாகச் சிந்திக்கும் ஒருவர், ஒரு முடிவைத் தாங்கப் போதுமானது என்று ஏற்கக்கூடிய பொருத்தமான சான்று. அது குற்றவியல் வழக்கின் அளவு அல்ல. வெறும் சந்தேகமும் அல்ல. ஃபோர்மேன் ஒன்றும் தொழிலாளி வேறொன்றும் சொன்னால், சாட்சிகளை நேரில் பார்த்த விசாரணை அதிகாரியின் மதிப்பீட்டை நடுவர் பொதுவாக மாற்றுவதில்லை. ஆனால் அந்த மதிப்பீடு உண்மையாகவே செய்யப்பட்டதா என்று கேட்கலாம், கேட்க வேண்டும். விசாரணையை நடத்தியவர் ஒருவர், நீக்கக் கடிதத்தில் கையெழுத்திட்டவர் பதிவைக்கூடப் படித்ததாகத் தெரியாத இன்னொருவர் என்றால், அங்கே மதிக்கத்தக்க மதிப்பீடு எதுவும் நிகழவில்லை.

குற்றம் நிரூபணமானபின் தண்டனைக்கு வர வேண்டும். பழைய ஒழுக்கப் பதிவைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்தக் கூடாது, தண்டனையின் அளவைப் பார்க்கவே பயன்படுத்தலாம். கீழ்ப்படியாமை கடுங்குற்றம்தான், முதல் முறையிலேயே நீக்கம் செய்வதை ஆதரித்த தீர்ப்புகள் ஏராளம். ஆயினும் நீண்ட குறையற்ற பணிக்காலம், ஃபோர்மேனின் தூண்டுதல், எச்சரிக்கை இல்லாமை, ஓரிரு நிமிடங்களில் மனம் மாறி வேலைக்குத் திரும்ப முன்வந்தது ஆகியவை நடுவரின் தராசில் ஏற வேண்டியவை. தண்டனை மிகையானது என்று கண்டால், இழந்த ஊதியத்தைத் தராமல், ஆனால் பணிமூப்புக் குறையாமல் மீண்டும் வேலையில் அமர்த்துவது இத்துறையில் வழக்கமான நடுவழி. கழிந்த மாதங்கள் தண்டனையாகக் கருதப்படும். குற்றமே நிரூபணமாகாத வழக்கில் மட்டும் இந்த நடுவழியை எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. இரு தரப்பையும் பாதியளவு திருப்திப்படுத்தும் ஆசையில், தவறு செய்யாத ஒருவரின் ஒன்றரை ஆண்டு ஊதியத்தை அவரிடமிருந்து எடுத்துவிடும் செயல் அது. நம் டிராக்மேனின் வழக்கில், ஃபோர்மேனின் வாக்குமூலத்தை வார்த்தைக்கு வார்த்தை நம்பினாலும் குற்றம் நிற்காது. கோரிக்கையை முழுமையாக ஏற்க வேண்டும்.

பரிகாரத்தை எழுதும்போது தெளிவு தேவை. இழந்த ஊதியத்தில் வெளியே சம்பாதித்ததைக் கழிக்க வேண்டுமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது; கழிக்க வேண்டுமென்றால் அதைச் சொல்ல வேண்டும். மருத்துவக் காப்புறுதி, விடுமுறைக் கணக்கு, திரும்பி வரும்போது எடுக்க வேண்டிய உடற்தகுதிச் சோதனை ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது. வரைவு தயாரானதும் அது இரு தரப்பு உறுப்பினர்களிடமும் போகும். அவர்கள் நடுவரோடு அமர்ந்து விவாதிப்பார்கள். அந்த அமர்வில் ஒரு உண்மைப் பிழை சுட்டிக்காட்டப்பட்டால் திருத்த வேண்டும். முடிவையே மாற்றச் சொல்லும் அழுத்தத்துக்குக் கோப்பின் பக்க எண்ணைத் தவிர வேறு பதில் தேவையில்லை. பெரும்பான்மைக் கையெழுத்தோடு தீர்ப்பு நிறைவேறும். தோற்ற தரப்பு மாற்றுக் கருத்தை இணைக்கலாம். 'கோரிக்கை ஏற்கப்பட்டது', 'கோரிக்கை மறுக்கப்பட்டது', 'கண்டறிவுகளின்படி ஏற்கப்பட்டது' (அதாவது தீர்ப்பில் நடுவர் எழுதிய விளக்கத்தில் சொன்ன அளவுக்கு ஏற்கப்பட்டது) என்ற மூன்றில் ஒன்றாகப் பெரும்பாலும் முடிவு அமையும். ஏற்கப்பட்ட தீர்ப்பை நிறைவேற்ற நிர்வாகத்துக்கு வழக்கமாக 30 நாட்கள் தரப்படும்.

நீதிமன்றம் இத்தீர்ப்பை மாற்றச் சட்டத்தில் மூன்றே காரணங்கள் எழுதப்பட்டிருக்கின்றன: சட்டத்தின் தேவைகளை வாரியம் நிறைவேற்றாதது, தன் அதிகார எல்லையைத் தாண்டியது, உறுப்பினர் ஒருவரின் மோசடி அல்லது ஊழல். நடுவர் ஒப்பந்தத்தைத் தவறாகப் படித்தார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. நிர்வாகம் தீர்ப்பை நிறைவேற்ற மறுத்தால், தொழிலாளி 2 ஆண்டுகளுக்குள் மத்திய மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம். தீர்ப்பின் பொருளிலேயே சர்ச்சை எழுந்தால், எந்தத் தரப்பும் விளக்கம் கேட்டு வாரியத்துக்கே திரும்பி வரலாம்; அப்போது பல மாதங்களுக்குப் பின் நடுவர் மீண்டும் அதே கோப்பைத் திறக்க வேண்டியிருக்கும் என்பதால், கண்டறிவுகளில் ஃபோர்மேன் சொன்னதையும் தொழிலாளி சொன்னதையும் பக்க எண்ணோடு, 'இப்படியென்றால்' என்ற அந்தச் சொல்லும் விடுபடாமல், முழுவதுமாக எடுத்து எழுதியிருக்க வேண்டும்.